ஆகாயக் கப்பல் கண்ட செப்பலின்

நிலத்திலே வண்டி செல்லப் பாதை வேண்டும். நீரிலே கலம் செல்ல ஆழமான ஆறோ கடலோ வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடங்கள் உலகில் இன்றும் பல உள்ளன. பனி மூடிய வடபுலங்களிலும், சேறு நிறைந்த காடுகளிலும், மணல் பரந்த பாலைவனங்களிலும் வாழும் மக்களுக்கு உணவும் மருந்தும் எரிபொருளும் கொண்டு சேர்ப்பது அரிய செயலாக இருந்து வருகிறது. விமானம் விரைந்து பறக்கும். எனினும் பெரும் பாரம் சுமந்த விமானம் இறங்குவதற்கு நீண்ட ஓடுதளம் வேண்டும். காற்றோ எங்கும் நிறைந்திருக்கிறது. அதன்மீது பாலம் அமைக்க வேண்டுவதில்லை. பாதை வெட்ட வேண்டுவதுமில்லை. அக்காற்றிலே மிதக்கும் கப்பல் ஒன்றைக் கட்டி, மக்களையும் அஞ்சலையும் பண்டங்களையும் ஏற்றிச் செல்லலாம் என்று எண்ணி, தம் முதுமைக் காலம் முழுவதையும் அம்முயற்சிக்கே ஈந்தவர் ஒருவர் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்தார். அவரே பெர்டினாண்டு வான் செப்பலின் பிரபு ஆவார்.

இளமையும் கல்வியும்

ஜெர்மனியின் தென் எல்லையில், ஆல்ப்ஸ் மலைத் தொடருக்கு வடக்கே, கான்ஸ்டன்ஸ் என்னும் பேரேரி ஒன்று உண்டு. அவ்வேரியின் கரையில் அமைந்த கான்ஸ்டன்ஸ் நகரில் 1838 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8 ஆம் நாள் செப்பலின் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் உடைய பிரபுக் குடும்பம் அவருடையது. ஏரியையும் அதன் மேல் தவழும் காற்றையும் நாள்தோறும் கண்டு வளர்ந்த அச்சிறுவர், பிற்காலத்தில் அதே ஏரியின்மீது உலகமே வியக்கும் காட்சியை நிகழ்த்தப் போகிறார் என்பதை அந்நாளில் எவரும் அறிந்திலர்.

அக்காலத்துப் பிரபு மரபினர் பலரைப் போலவே செப்பலினும் படைத்துறையைத் தேர்ந்தெடுத்தார். 1855 இல் லுட்விக்ஸ்பர்க் நகரிலிருந்த படைப் பள்ளியில் சேர்ந்தார். 1858 இல் வூர்ட்டம்பர்க் அரசின் படையில் இளநிலை அதிகாரியானார். எனினும் வாளேந்துவதோடு அவர் மனம் நிறைவு பெறவில்லை. விடுப்புப் பெற்று டூபிங்கன் பல்கலைக் கழகம் சென்று, அறிவியலும் இயந்திரத் தொழில்நுட்பமும் பயின்றார். படைவீரருக்குரிய துணிவும், மாணவருக்குரிய அறிவு வேட்கையும் அவரிடத்தே ஒருங்கே அமைந்திருந்தன.

அமெரிக்கப் பயணம்

1863 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அப்போரின் முறைகளைக் கண்டறிய விரும்பிய செப்பலின், தம் அரசரின் இசைவு பெற்றுக் கடல் கடந்தார். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனைக் கண்டு பேசி, வடபகுதிப் படையுடன் சென்று பார்வையிட அனுமதியும் பெற்றார். பின்னர் அந்நாட்டின் வடபகுதிக்குப் பயணம் மேற்கொண்டார். ஏரிகளும் அடர்ந்த காடுகளும் நிறைந்த, சாலையென்பதே இல்லாத நிலப்பரப்பு அது. அந்நாட்டுப் பழங்குடி மக்கள் வழிகாட்ட, சிறு படகுகளிலும் கால்நடையாகவும் அவர் அப்பகுதியைக் கடந்தார்.

பயணத்தின் முடிவில் செயின்ட் பால் என்னும் நகரை அடைந்தார். அங்கே ஜான் ஸ்டெய்னர் என்பவர் பலூன் ஒன்றை வைத்து மக்களை வானில் ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். 1863 ஆகஸ்டு 19 ஆம் நாள் செப்பலின் அப்பலூனில் ஏறினார். காடும் ஆறும் ஊரும் காலடியில் விரிந்து கிடந்த காட்சி அவர் உள்ளத்தை ஈர்த்தது. உருண்டை வடிவான பலூன் காற்று அடிக்கும் திசையிலேதான் செல்லும். தன் விருப்பப்படி செல்லாது. நீண்டு மெலிந்த வடிவில் அமைத்து, வலிய சுக்கான் ஒன்றையும் பொருத்தினால் பலூனைச் செலுத்துதல் எளிதாகும் என்ற தம் கருத்தை ஸ்டெய்னர் அவருக்கு எடுத்துரைத்தார். அச்சொல் இளைஞர் மனத்தில் வித்தாக விழுந்தது. அது முளைவிடப் பல ஆண்டுகள் சென்றன.

நாட்குறிப்பில் எழுந்த கப்பல்

1870 இல் பிரான்சுக்கும் ஜெர்மானிய நாடுகளுக்கும் போர் மூண்டது. போரின் தொடக்கத்திலேயே, செப்பலின் சில குதிரை வீரர்களுடன் எல்லை கடந்து பகைவர் நிலத்தினுள் சென்று உளவறிந்தார். உணவு விடுதி ஒன்றில் இளைப்பாறியபோது பிரெஞ்சு வீரர் சூழ்ந்துகொண்டனர். உடன் சென்ற ஏனையோர் மாண்டும் சிறைப்பட்டும் போக, செப்பலின் மட்டும் குதிரை ஒன்றில் தாவியேறித் தப்பி மீண்டார். அவர் துணிவை நாடு போற்றியது.

அப்போரின்போது பாரிஸ் நகரம் ஜெர்மானியப் படைகளால் முற்றுகையிடப்பட்டது. சாலைகள் அடைபட்டன, புகைவண்டிப் பாதைகள் துண்டிக்கப்பட்டன. எனினும் நகர மக்கள் அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்களை வானில் விடுத்து, இருபது இலட்சத்துக்கும் மிகுதியான கடிதங்களை முற்றுகையிட்டோரின் தலைக்கு மேலாகவே வெளியே அனுப்பினர். நிலவழி முற்றும் அடைபட்டாலும் வான்வழி அடைபடாது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. ஆனால் வெளியே சென்ற பலூன்களுள் ஒன்றேனும் நகருக்குத் திரும்பி வர இயலவில்லை. காற்றுக்கு அடிமையான கலத்தின் குறைபாடு அதுவேயாம்.

1874 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அஞ்சல் துறைத் தலைவரான ஹைன்ரிக் வான் ஸ்டீபன் என்பவர், உலக அஞ்சலையும் வான் பயணத்தையும் பற்றிச் சொற்பொழிவு ஒன்று ஆற்றினார். அதன் கருத்துகள் செப்பலினின் சிந்தனையைத் தூண்டின. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் தம் நாட்குறிப்பில் ஆகாயக் கப்பல் ஒன்றின் அமைப்பை அவர் குறித்து வைத்தார். பெரிய கடற்கப்பல் அளவுக்கு அது அமைய வேண்டும். வாயு நிறைந்த பகுதி பல அறைகளாகப் பிரிக்கப்பட வேண்டும். மக்களும் அஞ்சலும் சரக்கும் ஏறிச் செல்ல இடம் வேண்டும் என்று அவர் திட்டமிட்டார். அக்குறிப்பில் மற்றொரு நுட்பமும் இருந்தது. கப்பலின் எடை முழுவதையும் வாயுவே தாங்க வேண்டுவதில்லை. சிறிதளவு எடை எஞ்சி நிற்கலாம். இயந்திரம் கப்பலை முன்னே செலுத்தும்போது, மேல்நோக்கிச் சாய்ந்த தகடுகளின்மீது காற்று மோதி அவ்வெச்ச எடையைத் தூக்கும் என்று அவர் கருதினார். பாதி பலூனும் பாதி விமானமும் போன்ற இக்கலப்பு முறை நூறாண்டுக்குப் பின்னர் அறிஞர்களால் மீண்டும் ஆராயப்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பதவி நீங்கிய பின்

கருத்து பிறந்த அன்றே காரியம் கைகூடவில்லை. படைத்துறைப் பணியும் தூதர் பணியும் அவர் நேரம் முழுவதையும் கவர்ந்தன. 1884 இல் பிரெஞ்சு நாட்டினர் இருவர், லா பிரான்ஸ் என்னும் கலத்தைப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பக் கொணர்ந்து காட்டினர். அச்செய்தி செப்பலினை விழிப்புறச் செய்தது. செலுத்தத்தக்க ஆகாயக் கப்பல்களைத் தம் நாடும் அமைக்க வேண்டும் என்று 1887 இல் வூர்ட்டம்பர்க் அரசருக்கு விண்ணப்பம் ஒன்றை விடுத்தார்.

1890 இல் மேலிடத்தாரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டினால் அவர் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற நேர்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 52. மனம் நொந்து வாளா இருத்தற்கு ஏற்ற காரணம் இருந்தது. வாழ்வதற்கு வேண்டிய செல்வமும் இருந்தது. ஆயினும் செப்பலின் ஓய்ந்திருக்கவில்லை. பிறர் தொழிலை முடித்துக்கொள்ளும் வயதில் அவர் புதுத் தொழிலைத் தொடங்கினார். தியோடர் கோபர் என்னும் பொறியியலாரைத் துணைகொண்டு கப்பலின் வரைபடங்களை அமைத்தார்.

அவர் கையாண்ட முறை தனித்தன்மை வாய்ந்தது. அதுவரை கட்டப்பட்ட கலங்களில் வாயுப் பையே கலத்தின் உடலாக இருந்தது. வாயு குறைந்தால் பை தொய்ந்து வடிவம் கெடும். செப்பலினோ அலுமினியத்தால் எலும்புக்கூடு போன்ற சட்டம் ஒன்றை அமைத்தார். அதன்மீது துணியைப் போர்த்தினார். உள்ளே தனித்தனியான பல பைகளில் ஹைட்ரஜன் வாயுவை நிரப்பத் திட்டமிட்டார். ஒரு பை கிழிந்தாலும் ஏனைய பைகள் கப்பலைத் தாங்கும். கப்பலின் வடிவமும் குலையாது.

1894 இல் இத்திட்டம் அரசின் ஆய்வுக்கு வைக்கப்பட்டது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்ற பேரறிஞர்கள் இடம்பெற்ற குழு அதனை ஆராய்ந்து, ஏற்றற்குரியதன்று எனத் தள்ளிற்று. செப்பலின் தளரவில்லை. 1895 இல் தம் திட்டத்திற்குக் காப்புரிமை வேண்டினார். அதில் வரைந்து காட்டப்பட்டது தனிக் கப்பல் அன்று. ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்ட ஆகாயத் தொடர்வண்டி. முன்பகுதியில் இயந்திரமும் மாலுமிகளும் இருக்க, பின்னே இணைந்த பகுதிகள் பாரம் சுமக்கும். புகைவண்டி இருப்புப் பாதையில் சரக்குப் பெட்டிகளை இழுப்பதுபோல, இவ்வண்டி பாதையில்லாத வானில் இழுத்துச் செல்லும் என்பது அவர் எண்ணம். அத்தொடர்வண்டி அவ்வுருவில் என்றும் கட்டப்படவில்லை. ஆனால் அதன் முன்பகுதியின் அமைப்பே பின்னர் முதல் கப்பலாக உருப்பெற்றது.

முதல் கப்பல்

ஜெர்மானியப் பொறியியலார் சங்கம் செப்பலினின் கருத்தை ஆதரித்து முன்வந்தது. 1898 இல் 8 இலட்சம் மார்க்கு முதலீட்டில் நிறுவனம் ஒன்று தோன்றியது. அத்தொகையில் ஏறக்குறைய பாதியைச் செப்பலினே தம் சொந்தப் பொருளிலிருந்து அளித்தார். பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகருக்கு அருகே, மான்செல் என்னுமிடத்தில், ஏரியின்மீதே மிதக்கும் கொட்டகை ஒன்று எழுந்தது. அது ஒரு முனையில் மட்டும் நங்கூரமிடப்பட்டிருந்தமையால், காற்று வீசும் திசைக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும். பக்கக் காற்று மோதாமல் கப்பலை வெளிக்கொணர இவ்வமைப்பு உதவியது.

எல்.இசட். 1 எனப் பெயர் பெற்ற அக்கப்பல் 128 மீட்டர் நீளமுடையது. அதனுள் 17 வாயுப் பைகள் இருந்தன. அவற்றில் 11,000 கன மீட்டருக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் அடங்கும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், அதே அளவு ஹைட்ரஜனின் எடை 0.1 கிலோகிராமுக்கும் குறைவு. இவ்வேறுபாடே கப்பலை மேலே தூக்குகிறது. ஒவ்வொரு கன மீட்டர் வாயுவும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும் எனக் கொள்ளலாம். ஆகவேதான் பாரம் சுமக்கும் ஆகாயக் கப்பல் மலைபோல் பருத்திருக்க வேண்டியதாயிற்று.

1900 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2 ஆம் நாள் மாலையில், ஏரிக் கரையில் மக்கள் திரண்டு நிற்க, அப்பெருங்கலம் வானில் எழுந்தது. செப்பலினுடன் நால்வர் அதில் இருந்தனர். அவர் அப்பொழுது 62 ஆம் வயதை எட்டும் நிலையில் இருந்தார். பதினெட்டு நிமிடங்கள் கப்பல் வானில் உலவியது. பின்னர், கப்பலைச் சமநிலையில் நிறுத்துவதற்கென அமைந்த நகரும் எடையின் பொறி பழுதுற்றது. கப்பல் நீர்மேல் இறங்கியது. அவ்வாண்டிலேயே மேலும் இருமுறை அது பறந்தது. எனினும் அதன் இயந்திரங்கள் இரண்டும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 குதிரைச் சக்தியே உடையன. வலிய காற்றை எதிர்த்துச் செல்ல அவை போதவில்லை. நிறுவனத்தின் பணம் தீர்ந்தது. கப்பல் பிரிக்கப்பட்டது, நிறுவனமும் கலைக்கப்பட்டது.

ஊரார் சிலர் அவரைப் பித்தர் என்று எள்ளினர். ஹியூகோ எக்கனர் என்னும் எழுத்தாளர் அக்கப்பலின் குறைகளைச் செய்தித்தாளில் எடுத்துக் காட்டினார். செப்பலின் சினங்கொள்ளவில்லை, பின்னொரு சமயம் எக்கனரின் இல்லத்திற்குத் தாமே சென்று, தம் கருத்துகளைப் பணிவோடு விளக்கினார். குறை கூறிய எக்கனர் நாளடைவில் நண்பரானார். பின்னர் அவரே கப்பல்களை நடத்தும் தலைசிறந்த தலைவராகவும் விளங்கினார். பகையையும் துணையாக மாற்றும் பெருந்தன்மை செப்பலினிடத்தே இருந்தது.

இடரும் விடாமுயற்சியும்

இரண்டாவது கப்பலுக்குப் பொருள் தேடுவது மலையைப் பெயர்ப்பது போலாயிற்று. வூர்ட்டம்பர்க் அரசர் பரிசுச் சீட்டு நடத்த இசைவு தந்தார். அதனால் கிடைத்த தொகை போதாமையால், தம் மனைவியார் இசபெல்லாவின் நிலங்களையும் செப்பலின் அடகு வைத்தார். அவ்வாறு கட்டிய இரண்டாம் கப்பல் 1906 சனவரி 17 ஆம் நாள் பறந்தது. இயந்திரம் பழுதுற்றுத் தொலைவிலிருந்த கிஸ்லெக் என்னும் ஊரருகே இறங்கியது. அன்றிரவே புயற்காற்று அதனைச் சிதைத்தது. அடகு வைத்த பொருளெல்லாம் ஓரிரவில் அழிந்தது.

அவ்விடிவிலும் அவர் மீண்டும் எழுந்தார். லுட்விக் டூர் என்னும் இளம் பொறியியலார் துணைநிற்க, மூன்றாம் கப்பலைக் கட்டினார். 1906 அக்டோபரில் அது இனிது பறந்தது. இப்பொழுதுதான் அரசின் மனம் இளகிற்று. இருபத்து நான்கு மணி நேரம் ஓயாது பயணம் செய்து காட்டினால் கப்பலை விலைக்கு வாங்குவதாக அரசினர் உரைத்தனர். அதற்கென நான்காம் கப்பல் உருவாயிற்று. 1908 சூலை முதல் நாள் அது ஆல்ப்ஸ் மலை நாடான சுவிட்சர்லாந்தின்மீது பன்னிரண்டு மணி நேரம் பறந்து புகழ் பெற்றது.

எக்டர்டிங்கன் நிகழ்ச்சி

1908 ஆகஸ்டு 4 ஆம் நாள் செப்பலின் நான்காம் கப்பலில் நெடும்பயணம் புறப்பட்டார். ரைன் ஆற்றின் வழியே சென்ற அதனைக் காண ஊர்தோறும் மக்கள் கூடினர். இயந்திரக் கோளாற்றினால் மறுநாள் காலை ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த எக்டர்டிங்கன் வெளியில் கப்பலை இறக்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் சூழ்ந்து நின்றனர். பிற்பகலில் திடீரெனச் சூறைக்காற்று எழுந்தது. கட்டுகள் அறுந்தன. மேலே தூக்கி எறியப்பட்ட கப்பல் சிறிது தொலைவில் வீழ்ந்து தீப்பற்றியது. சில நிமிடங்களில் வளைந்த உலோகச் சட்டங்களே எஞ்சின. உயிர்ச்சேதம் நேரவில்லையெனினும், எழுபதாண்டு நிறைந்த முதியவரின் கனவு அங்கே சாம்பலாகக் கிடந்தது.

அனைவரும் இத்துடன் முடிந்தது என்றே எண்ணினர். ஆனால் எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. கூடியிருந்த மக்களே நிதி திரட்டத் தொடங்கினர். நாடெங்கிலுமிருந்து பணம் வந்து குவிந்தது. செல்வர் பெருந்தொகை அளித்தனர். பள்ளிச் சிறார் தம் உண்டியற் காசுகளை அனுப்பினர். திரண்ட தொகை 60 இலட்சம் மார்க்குக்கு மேற்பட்டது. தனி மனிதர் ஒருவரின் முயற்சியாக இருந்தது அன்று முதல் மக்கள் முயற்சியாயிற்று.

செப்பலின் அப்பணத்தைத் தம் இழப்பை ஈடுசெய்யப் பயன்படுத்தவில்லை. ஆகாயக் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்றையும், அறக்கட்டளை ஒன்றையும் நிறுவினார். ஆகாயக் கப்பல் தொழில் ஒருகால் நின்றுபோகுமாயின், அறக்கட்டளையின் பொருள் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரின் பொதுநலப் பணிகளுக்கு உரியதாக வேண்டும் என்றும் வகுத்தார். 1947 முதல் அந்நகரே அதனை ஆட்சி செய்து வருகிறது.

மக்களும் அஞ்சலும்

1909 இல் செப்பலின் கப்பல்களைக் கொண்டு பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஒன்று தோன்றியது. உலகின் முதல் வான்போக்குவரத்து நிறுவனம் அதுவே. தொடக்கத்தில் இடர்கள் மிகுந்தன. 1910 இல் டாய்ச்லாந்து என்னும் கப்பல் புயலில் சிக்கிக் காட்டு மரங்களின்மேல் வீழ்ந்தது. எனினும் எவரும் உயிரிழக்கவில்லை. 1914 வரை அந்நிறுவனத்தின் கப்பல்கள் 1,500 முறைக்கு மேல் பறந்தன. 34,000 பேர் அவற்றில் பயணம் செய்தனர். பயணிகளுள் ஒருவரும் மாண்டதில்லை. 1912 இல் அவற்றுள் ஒன்று அஞ்சலையும் சுமந்து சென்றது.

பாதையற்ற நிலங்களைச் செப்பலின் மறந்தாரல்லர். 1910 இல், தம் 72 ஆம் வயதில், வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகளுக்குக் கடல்வழியே சென்றார். பனிப்பாறைகள் நிறைந்த அப்பகுதியை ஆராய ஆகாயக் கப்பல் பயன்படுமா என்பதை நேரில் கண்டறிவதே அப்பயணத்தின் நோக்கம்.

போரும் மறைவும்

செப்பலினின் வாழ்வில் ஒளியோடு நிழலும் உண்டு. அவர் முதலில் படைவீரர். தம் கலங்கள் நாட்டின் படைக்குப் பயன்பட வேண்டும் என்று தொடக்கம் முதலே விரும்பினார். 1914 இல் முதல் உலகப் போர் மூண்டது. அஞ்சலும் மக்களும் ஏறிய வகைக் கப்பல்கள் குண்டுகளைச் சுமந்தன. 1915 சனவரி முதல் அவை இங்கிலாந்து நாட்டு ஊர்களின்மீது குண்டு வீசின. போரில் ஈடுபடாத ஆடவரும் பெண்டிரும் குழந்தைகளுமாக ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அத்தாக்குதல்களில் மாண்டனர். மாலுமிகளின் நிலையும் இரங்கத்தக்கதே. ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றுவது. தீக்குண்டுகள் பட்ட கப்பல்கள் வானிலேயே எரிந்து வீழ்ந்தன. மக்கள் அன்போடு அளித்த காசில் வளர்ந்த கலை, மக்களையே அழிக்கும் கருவியாயிற்று. கருவியைப் படைப்பவர் அதன் பயனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

போர் நடக்கும்போதே, எதிர்காலம் பெரிய விமானங்களுக்கே உரியது என்பதைச் செப்பலின் உணர்ந்து, அவற்றைக் கட்டும் முயற்சியில் இறங்கினார். தாம் படைத்ததையே விட்டு வேறொன்றை ஏற்கும் மனம் முதுமையில் சிலருக்கே வாய்க்கும். 1917 மார்ச்சு 8 ஆம் நாள் பெர்லின் நகரில் அவர் காலமானார். அவர் உடல் ஸ்டுட்கார்ட் நகரில் அடக்கம் செய்யப்பட்டது.

பாலைவனத்தைக் கடந்த கப்பல்

அவர் மறைந்த எட்டுத் திங்களுக்குப் பின், அவர் கண்ட கனவை மெய்ப்பிப்பதுபோல ஒரு நிகழ்ச்சி நடந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தனித்து நின்ற ஜெர்மானியப் படைக்குக் கடல்வழியும் நிலவழியும் அடைபட்டிருந்தன. 1917 நவம்பர் 21 ஆம் நாள் எல். 59 என்னும் கப்பல், பல்கேரியாவின் ஜாம்போலி நகரிலிருந்து மருந்தும் படைப்பொருளுமாக ஏறத்தாழ 15 டன் பாரத்தோடு புறப்பட்டது. மத்தியதரைக் கடலையும் எகிப்தின் பாலைவனத்தையும் கடந்தது. கார்ட்டும் நகருக்கு அருகே சென்றபோது, திரும்பி வருமாறு வானொலி ஆணை வந்தது. வழியில் எங்கும் இறங்காமல் 95 மணி நேரத்தில் 6,700 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, புறப்பட்ட இடத்திற்கே மீண்டது. பொருள் உரியவரைச் சேரவில்லை; ஆயினும் சாலையும் துறைமுகமும் இல்லாத நிலத்திற்குப் பெரும்பாரத்தை வான்வழியே கொண்டு செல்ல இயலும் என்பது உறுதியாயிற்று.

போருக்குப் பின் எக்கனரின் தலைமையில் ஆகாயக் கப்பல்கள் மீண்டும் அமைதிப் பணிக்குத் திரும்பின. செப்பலின் பிரபுவின் பெயரையே தாங்கிய கப்பல் 1929 இல் உலகைச் சுற்றி வந்தது. 1931 இல் வடதுருவப் பகுதியை ஆராய்ந்து திரும்பியது. ஆனால் 1937 மே 6 ஆம் நாள் அமெரிக்காவில் ஹிண்டன்பர்க் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்து, 36 பேர் உயிரிழந்தனர். ஹைட்ரஜன் நிரப்பிய பயணிக் கப்பல்களின் காலம் அத்துடன் முடிவுற்றது.

மீண்டும் முளைத்த எண்ணம்

எனினும் எண்ணம் மடியவில்லை. ஹீலியம் என்னும் வாயு தீப்பற்றாது. தூக்கும் ஆற்றலில் ஹைட்ரஜனுக்குச் சிறிதே குறைந்தது. அதனைக் கொண்டு புதிய கப்பல்கள் அமைக்கலாயினர். ஆனால் சரக்கு ஏற்றும் கப்பலுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. பத்து டன் பாரத்தை இறக்கியவுடன் கப்பல் பத்து டன் அளவுக்கு இலேசாகி, அடங்காது வானில் எழ முற்படும். அதனைத் தடுக்க அதே எடையில் நீரையோ மணலையோ ஏற்ற வேண்டும். பாதையற்ற காட்டில் அவற்றைத் தேடி ஏற்றுவது எளிதன்று.

இத்தொல்லைக்கு விடையாக அறிஞர்கள் கலப்பு ஆகாயக் கப்பலை வகுத்தனர். அதன் எடையில் பெரும்பகுதியை ஹீலியம் தாங்கும். எஞ்சியதை, கப்பலின் அகன்ற உடல் காற்றைக் கிழித்துச் செல்லும்போது எழும் விசை தாங்கும். ஓட்டம் நின்றால் கப்பல் தன் எடையாலேயே தரையில் அமரும். 1874 இல் செப்பலின் நாட்குறிப்பில் எழுதிய எஞ்சிய எடையின் நுட்பத்திற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. 2006 இல் அமெரிக்காவில் இவ்வகை ஆய்வுக் கலம் ஒன்று பறந்தது. 92 மீட்டர் நீளமுள்ள ஏர்லேண்டர் என்னும் கப்பல் 2016 இல் இங்கிலாந்தில் பறந்தது. செப்பலினின் நகரான பிரீட்ரிக்ஸ்ஹாபனிலும் 1997 இல் ஹீலியம் நிரப்பிய புதிய செப்பலின் கப்பல் எழுந்தது. அதுவும் காற்றைவிடச் சிறிது எடை மிக்கதாகவே செலுத்தப்படுவது.

இம்முயற்சிகளும் இடரின்றி நடந்தனவல்ல. 160 டன் சுமக்கும் கப்பலைக் கட்ட ஜெர்மனியில் எழுந்த நிறுவனம் ஒன்று, கப்பலை முடிக்குமுன்பே 2002 இல் பொருள் முடையால் வீழ்ந்தது. அதன் மாபெரும் கொட்டகை பின்னர் உல்லாச நீராடு நிலையமாக மாறியது. ஏர்லேண்டரும் தன் இரண்டாம் பயணத்தில் தரையில் மோதிப் பழுதுற்றது. புயலும் பொருள் முடையும் செப்பலினை எதிர்த்தவாறே அவர் வழிவந்தோரையும் எதிர்க்கின்றன.

கனடா நாட்டின் வடபகுதியில் உள்ள சிற்றூர்கள் பலவற்றிற்கு, உறைந்த ஏரிகளின்மேல் அமையும் குளிர்காலப் பாதையே சரக்கு வரும் வழி. பனி உருகினால் பாதையும் மறையும். அத்தகைய ஊர்களுக்கு ஆகாயக் கப்பல் ஒன்று பாரத்தோடு வந்திறங்குமாயின், அது செப்பலினின் வாழ்க்கைக்கு ஏற்ற நினைவுச் சின்னமாக அமையும். ஐம்பத்திரண்டாம் வயதில் தொடங்கி, எரிந்த கப்பலின் சாம்பலிலிருந்தும் எழுந்து நின்ற அவர் ஊக்கம் பின்பற்றத்தக்கது. அவர் படைப்பு போரில் அடைந்த கதியோ எச்சரிக்கையாக நினைவில் நிறுத்தத்தக்கது. இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்து, ஆக்கத்துக்கே அறிவைப் பயன்படுத்துவோரால்தான் உலகம் நலம் பெறும்.